பலகைக்குள் படித்த மூன்றாம் வகுப்பு

நத்தைக்குளம் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நான்கு நிமிடம் ஓடி நிற்க வேண்டிய ஒரு வீடியோ நிற்காமல் ஓடியது. ஓடியது, ஓடியது, மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகும் ஓடியது, பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் ஓடியது, சாயங்காலம் கதவைப் பூட்டும்போதும் அதற்குள் இருந்த பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டே இருந்தார்கள். இதைக் கேட்டு எங்கள் ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. கட்டாத பாலத்துக்குத் திறப்பு விழா நடந்தாலும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் நின்று கைதட்டிவிட்டு, கொடுத்த மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதிய நோட்டில் கையெழுத்துப் போடுகிறவளுக்கு அங்கே அந்தப் பெயர். மற்றபடி நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். ஊரில் ஜோதிக்கா என்றால் தெரியும். என் மகன் லிங்கேஷ் அதே மூன்றாம் வகுப்பில்தான் படித்தான். படித்தான் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

வீடியோ எடுத்தவள் ஜெயபவித்ரா. ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம் படிக்கிற பெண். நாற்பது நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக வேண்டும் என்று எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். என் வீட்டு முன்னறையில்தான் தங்கினாள். வந்த அன்று ஒரு பெட்டி நிறையச் சார்ட்டும், கலர் பேப்பரும், வெட்டி ஒட்டிய யானை குதிரைகளும் கொண்டுவந்தாள். தலைமை ஆசிரியை குணவதி டீச்சர் அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் போன வருஷத்தோட போச்சும்மா, இப்ப எல்லாமே டெக்னாலஜி" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த ஸ்மார்ட் போர்டைக் காட்டினார். அது அப்போது ஒரு உறைக்குள் இருந்தது. உறையை நான்தான் தைத்துக் கொடுத்தேன், ஊதாப் பூப்போட்ட துணியில், கீழே ஃப்ரில் வைத்து. பிள்ளைகள் கை பட்டால் கெட்டுப்போகும் என்று வந்த நாளிலிருந்து ஒன்பது மாதமாக அதை யாரும் தொடவில்லை.

ஜெயபவித்ரா தொட்டாள். தொட்டதிலிருந்து அவள் பட்ட பாட்டை என் வீட்டுக்கு வந்து தினமும் சொல்லுவாள். காலையில் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும், அதற்கு நெட் வேண்டும், நெட் வேண்டுமானால் போனை வேப்பமரத்துப் பக்க ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாமி கும்பிட வேண்டும். அது ஏறுவதற்குள் பத்தரை ஆகிவிடும். பிறகு பாடம் நடந்ததற்கு ஒரு போட்டோ, பிள்ளைகள் கவனித்ததற்கு ஒரு போட்டோ, கை கழுவியதற்கு ஒரு போட்டோ. இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னால் கேமராவைப் பார்க்காமல் கேமராவுக்கு நிற்கப் படித்துவிட்டார்கள். "பாடம் எப்பக்கா நடத்துறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு என்ன தெரியும், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று தலைவியாகப் பதில் சொன்னேன்.

அவள் கல்லூரியில் ஒரு மாதிரி வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, யாரும் ஒளித்துச் செய்வதில்லை. அதிகாரி வரும் நாளில் ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். படிக்கத் தெரியாததுகளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்கள். ஆனால் மூன்றாம் வகுப்பில் மோனிஷா என்று ஒருத்தி இருந்தாள். பஞ்சாலைக்குப் போகிற பேச்சியம்மாளின் மகள், எட்டு வயசு, சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். ஒரு எழுத்துத் தெரியாது. குணவதி டீச்சருக்கு அந்த முகத்தை விட மனசில்லை.

"மூஞ்சி இவ மூஞ்சி இருக்கட்டும். சத்தத்துக்கு அஞ்சாப்பு கனிஷ்காவைக் கேமராவுக்குப் பின்னால நிறுத்து. இவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லு."

"டீச்சர், அது தப்பில்லையா?"

"உனக்கு மார்க் வேணுமா வேணாமா?"

ஜெயபவித்ராவுக்கு மார்க் வேண்டியிருந்தது. மோனிஷா வாயை அசைத்தாள், கனிஷ்கா படித்தாள், மற்ற பிள்ளைகள் இரண்டு நாள் பழக்கிய பதிலைக் கோரஸாகச் சொல்லிக் கைதட்டினார்கள். எடுத்ததைச் சரிபார்க்க அந்த ஸ்மார்ட் போர்டுப் பலகையில் போட்டபோதுதான் அது நிற்காமல் ஓடியது. பலகைக்குள் இருந்த மோனிஷா பாடத்தை முடித்தாள், பக்கத்தைத் திருப்பினாள், யாரும் சொல்லாமலே அடுத்த பாடத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள், என் லிங்கேஷும் சேர்த்து, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையில்லாமல் சொன்னார்கள். வெளியில் பெஞ்சில் இருந்த லிங்கேஷ் மூன்றாம் வாய்ப்பாட்டில் முக்கிக்கொண்டிருந்தான்.

ஜெயபவித்ரா பயந்துபோய் சுவிட்சை அணைத்தாள். மறுநாள் போட்டால் பலகைப் பிள்ளைகள் இன்னும் நாலு பாடம் தாண்டியிருந்தார்கள். கரண்ட் போனால் போவார்கள், வந்தால் முன்னைவிட அதிகம் தெரிந்துகொண்டு வருவார்கள். பத்து நாளில் நான்காம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்பைக் கையில் எடுத்தார்கள். குணவதி டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டு, "நல்ல ஒழுக்கமான பிள்ளைங்க, ஒண்ணுக்குப் போகணும்னுகூடக் கேக்கலை" என்றார். அன்று முதல் வருகைப் பதிவைப் பலகையைப் பார்த்தே எடுத்தார். அங்கே ஒரு பிள்ளைகூட லீவு போடுவதில்லை.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலில் அம்மாக்கள் வந்தார்கள். சனிக்கிழமை குளித்து, பூ வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற மாதிரி வந்து வரிசையாக உட்கார்ந்து தங்கள் தங்கள் பிள்ளையைப் பார்த்தார்கள். ஒருத்தி பலகைக் கண்ணாடியில் தன் மகன் கன்னம் வருகிற இடத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். அவன் அசையும்போதெல்லாம் அந்தப் பொட்டு அடுத்த பிள்ளைமேல் போய் உட்கார்ந்தது, அதற்கு இரண்டு அம்மாக்களும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இன்னொருத்தி பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தாள். அப்பாக்கள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நிஜப் பிள்ளையின் காதைத் திருகி, "அங்க அவன் எப்படிப் படிக்கிறான், நீயும் இருக்கியே" என்றார்கள். கரண்ட் போனால் படிப்புக் கெடும் என்று ரேடியோ செட்காரர் கல்யாண வீட்டு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். நிஜப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் பலகைப் பிள்ளைகளின் கவனத்தைக் கலைக்கிறார்கள் என்று தீர்மானம் போட்டு, அவர்களை வராண்டாவில் வெயிலில் உட்கார வைத்தோம். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

பேச்சியம்மாள் ஷிஃப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்று தன் மகள் படிப்பதைக் கேட்டாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, குரல் எம்மக குரல் மாதிரி இல்லையே?"

"படிக்கிற புள்ளைக்குக் குரல் மாறத்தான் செய்யும்" என்றேன் நான். என் மகனும் உள்ளே இருந்தானே, வேறு என்ன சொல்வேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது மோனிஷா ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தாள். "ஏன்டி, உள்ள அவ்வளவு படிக்கிறவ, வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மோனிஷா அழவில்லை. அவளுக்கே தான் எதற்கு அடி வாங்குகிறோம் என்று புரியவில்லை.

அதைப் பார்த்த ஜெயபவித்ரா அன்று என் வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து, பலகைப் பிள்ளைகளுக்கு டீச்சர் தேவைப்படாததால் வேலையற்று இருந்த அந்தப் பெண், மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் பின்சுவர்ப் பக்கம் போனாள். கரி படிந்த அந்தச் சுவரில் சாக்பீஸால் எழுதினால் நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் ட. இரண்டாம் நாள் ப. மூன்றாம் நாள் இரண்டையும் மறந்துவிட்டுச் சிரித்தாள் மோனிஷா. இதற்கு ஆப் கிடையாது, போட்டோ கிடையாது, ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. நான் ஒருநாள் பார்த்துவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, அங்கதான் படிக்கிறாளே" என்று கேட்டேன். "படிக்கிறது இவ இல்லக்கா, நான் செஞ்ச பொய்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் மகனையும் சேர்த்துப் பொய் என்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஜெயபவித்ரா வந்த முப்பத்தைந்தாம் நாள் அறவாழி என்கிற அதிகாரி வந்தார். பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மோனிஷா ஐந்தாம் வகுப்புத் தமிழை மூச்சு விடாமல் படித்ததைக் கண்ணை மூடி ரசித்தார். இந்தப் பிள்ளை இங்கே இருக்க வேண்டியதில்லை, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று மாவட்டத் தலைநகரில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, அங்கே நேராக ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவார்களாம். பாடம் நடத்திய ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும். பாடம் நடத்தியவள் ஜெயபவித்ரா.

பேச்சியம்மாள் அன்றே ஒரு தகரப்பெட்டி வாங்கிவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளையைத் தெரியாத ஊரில், ஆறாம் வகுப்பில், எழுத்துத் தெரியாமல் கொண்டுபோய் விட்டால் அது என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மோனிஷா மட்டும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பவித்ரா மிஸ், நான் போனா அங்க யாரு படிப்பா? அவளும் கூட வருவாளா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போடாவிட்டால் ஜெயபவித்ராவின் பயிற்சி முழுமையடையவில்லை என்று எழுதிவிடுவார்கள் என்பதை குணவதி டீச்சர் மூன்று தடவை அவளுக்குச் சொன்னார். மூன்று தடவையும் அன்பாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே பள்ளிக்கூடத்தில் இருந்தது. வாழைமரம் கட்டி, பலகைக்கு மாலை போட்டிருந்தோம். அறவாழி சார் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை நீட்டியபோது ஜெயபவித்ரா அதை வாங்காமல், வராண்டாவில் இருந்த மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், நான் பாடம் நடத்தினது இந்தப் பிள்ளைக்கு. முப்பத்தெட்டு நாள்ல பதினோரு எழுத்து தெரியும். அதை எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்."

"பதினோரு எழுத்தா? நூறு சதவீதம்னு ஏற்கெனவே மேல அனுப்பியாச்சும்மா."

"கேளுங்க சார்" என்று சொல்லி அவள் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாள். மோனிஷா விரலை வைத்து, "ம... ர... ம்" என்றாள். யோசித்தாள். உதட்டைக் கடித்தாள். "மரம்" என்றாள். அடுத்ததற்கு இன்னும் அதிக நேரம் எடுத்தது. "ந... க... ம்..." அவளுக்குப் பின்னால் பலகைக்குள் இன்னொருத்தி நீண்ட கட்டுரை ஒன்றை மணிமணியாகப் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அறவாழி சார் வாட்சைப் பார்த்தார்.

"யாருங்க இந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை படிக்கிறதைக் கேக்க விடாம? கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்க."

தலைவி என்று ஒருத்தி இருப்பது இதற்குத்தானே. நான்தான் எழுந்துபோய் மோனிஷாவின் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டேன். அந்த அறையில் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்த ஒரே பிள்ளையை என் கையால் வெளியே தள்ளினேன். இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள், போனில் மேலே கேட்டார்கள், ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேர்வானது எந்தப் பிள்ளை? பலகையில் படிக்கிற பிள்ளை. அப்படியானால் போக வேண்டியதும் அதுதான். ஒன்றைமட்டும் பிரித்து எடுக்க வழியில்லை என்பதால் இருபத்திரண்டு பேருமே தேர்வு என்று அறிவித்தார்கள். அம்மாக்கள் குலவையிட்டார்கள். குணவதி டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, மூன்றாம் வகுப்பின் இருபத்திரண்டு பெயருக்கும் நேராக, ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறியது என்று சிவப்பு மையில் எழுதினார். ஜெயபவித்ராவுக்குப் பயிற்சி முழுமையடையவில்லை என்று எழுதி, இன்னும் நாற்பது நாள் இதே பள்ளியில் பாடம் நடத்த வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்கள்.

"மூணாப்புப் பதிவேட்டுல ஒரு பிள்ளைகூட இல்ல, இனி யாருக்கும்மா பாடம் நடத்துவே?" என்று அறவாழி சார் சிரித்தார்.

"இருக்கிறதுகளுக்கு சார்" என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாள். அந்த நாற்பது நாளில் பரீட்சை தவறி ஒரு வருடம் பின்தங்குகிற பெண் அழாமல் என்ன செய்வாள்.

சுவரிலிருந்து திருகாணியைக் கழற்றிப் பலகையை இறக்கினார்கள். நான் தைத்த உறையைப் போட்டால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும் என்று யாரோ சொன்னார்கள், அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்த குட்டியானை வண்டியில் மெத்தை விரித்து, பலகையைச் சாய்த்து, பாட்டரியில் ஓடவிட்டு, முகங்கள் ஊரைப் பார்க்கும்படி வைத்தார்கள். பேச்சியம்மாள் தகரப்பெட்டியையும் முறுக்கு டப்பாவையும் வண்டியில் ஏற்றினாள். வண்டி நகர்ந்ததும் தலையிலடித்துக்கொண்டு, "மோனிஷா, ஒழுங்கா சாப்புடுடி, தலைக்கு எண்ணெ வைக்கச் சொல்லுடி" என்று கத்தியபடி பின்னால் ஓடினாள். பலகைக்குள் இருந்தவள் நிமிர்ந்து பார்க்காமல் படித்துக்கொண்டே போனாள். எல்லா அம்மாக்களும் அழுதார்கள். நானும் என் லிங்கேஷைப் பார்த்துக் கையசைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டி கண்மாய்க் கரை வளைவில் மாடுகளுக்காக நின்றது. அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. மோனிஷா வண்டியின் பின்கதவில் பெயிண்டால் எழுதியிருந்ததைப் பார்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ம... ர... க... த... ம்."

வண்டிக்காரன் யார் பெயரை எழுதி வைத்திருந்தானோ, எங்கள் ஊரில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. அந்தச் சொல்லை அவளுக்கு ஜெயபவித்ரா எழுதிக் காட்டியதும் இல்லை. "மரகதம்" என்றாள் மோனிஷா. திரும்ப ஒரு தடவை, சந்தேகமில்லாமல், "மரகதம்" என்றாள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த பேச்சியம்மாள் அதைக் கேட்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இவ நெசமாவே படிக்கிறாளா, இல்ல சும்மா அடிச்சு விடுறாளா?"

அந்தப் பலகை ஒரு மாதம் படித்தபோது எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. கூட்டத்துக்கு வெளியே ஸ்லேட்டோடு நின்றிருந்த ஜெயபவித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியின் பின்கதவை ஒரு தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

"சரியாத்தான் படிக்கிறா பேச்சி. மரகதம்னுதான் எழுதிருக்கு."

பேச்சியம்மாள் அப்படியே சாலையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.

"அப்ப இவ்வளவு நேரம் நான் யாருக்குக்கா அழுதேன்?"

மாடுகள் விலகி வண்டி கிளம்பிவிட்டது. காலையிலிருந்து லிங்கேஷ் சாப்பிட்டானா, எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினேன்.